அளக்காத பால்

சிதம்பரம் ரயிலடியில் இறங்கி, அண்ணாமலை நகரைத் தாண்டி, சிவபுரிக்குப் போகிற சாலையில் நீங்கள் என்னோடு நடந்திருக்கிறீர்கள். மறந்திருக்கலாம். ஒரு வளைவு வரும். அந்த வளைவுக்கு முன்னாலேயே வாசம் வந்துவிடும். நனைந்த வைக்கோல், எள்ளுப் புண்ணாக்கு ஊறிய தொட்டி, வெயிலில் காய்கிற வரட்டி, எல்லாவற்றுக்கும் மேலே லேசாக வேப்பிலைப் புகை. "கொட்டாய் வந்துடுச்சு" என்பீர்கள். கண்ணுக்குத் தெரிய இன்னும் நூறு தப்படி இருக்கும்.

எங்கள் பக்கம் கொட்டகை என்று சொன்னால் யாருக்கும் நாக்கு வளையாது, கொட்டாய்தான். சினிமாவுக்கும் அதே பேர், மாட்டுக்கும் அதே பேர். தென்னங்கீற்று வேய்ந்த நீளமான கூரை, நடுவில் பூவரசங்கால், மண்தரை, ஒரு ஓரமாகப் பருத்திக்கொட்டை ஆட்டுகிற கல். எந்நேரமும் ஏழெட்டு மாடுகள் நிற்கும். தாத்தா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒருமுறை தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், கொட்டாயில் படுத்திருக்கிற மாடுகள் ஒவ்வொன்றாகப் பின்காலை ஊன்றி எழுந்து நிற்கும். எழுந்ததும் மூத்திரம் பெய்யும். அரைத்தூக்கத்தில் அதை மழை என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்வேன். மார்கழியில் இந்த ஏமாற்றம் தினமும் நடக்கும்.

கன்றை அவிழ்த்து விடுவது என் வேலை. அது முட்டி முட்டி நாலு வாய் ஊட்டினதும் மடி இறங்கும். பிறகு கன்றை இழுத்து அம்மாக்காரிக்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் நக்கிக்கொண்டே நிற்பாள். தாத்தா விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக் காம்பில் தடவி, செம்பை முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு குந்துவார். முதல் பீச்சு காலிச் செம்பின் அடியில் விழும்போது 'சிர்ர்' என்று ஈயச் சத்தம் வரும். நுரை கட்டக் கட்ட அந்தச் சத்தம் தடித்து, கனத்து, கடைசியில் துணியைத் துணியால் அடிப்பதுபோல ஆகும். சத்தத்தை வைத்தே எவ்வளவு ஆயிற்று என்று அடுப்படியிலிருந்து ஆயா சொல்லிவிடுவாள்.

அப்போது இருந்தவை எல்லாம் மொட்டை மாடுகள். கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடுவதால் அந்தப் பேர். உம்பளாச்சேரி என்கிற நாகப்பட்டினம் பக்கத்து ஊரின் பெயரால் அந்த இனத்தைச் சொல்ல வேண்டும் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். கொள்ளிடத்துக்கு அக்கரைக்காரர்கள் தஞ்சாவூர் மாடு என்பார்கள். பிறக்கும்போது செவலையாகத்தான் பிறக்கும். ஆறு, எட்டு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் நட்சத்திரம் வைத்தாற்போல ஒரு வெள்ளை, குளம்புக்கு மேலே காலுறை போட்டாற்போல ஒரு வெள்ளை. தொடை அளவு சேற்றிலும் ஏர் இழுக்கும். பால் என்று பார்த்தால் நேரத்துக்கு ஒரு லிட்டர் தேறினாலே ஆயா திருஷ்டி கழிப்பாள்.

அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம். 1929-இல் பல்கலைக்கழகம் வந்தபோது, கொள்ளுத்தாத்தா தலையில் பானை வைத்துக்கொண்டு குடியிருப்புகளுக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தாராம். தாத்தா காலத்தில் தோளில் காவடி. அப்பா காலத்தில் சைக்கிள், இரண்டு பக்கமும் கேன், ஹேண்டில்பாரில் உழக்கு தொங்கும். ரயில்வே கேட் சாத்தியிருந்தால் அந்த உழக்கைக் கேட் கம்பியில் தட்டித் தாளம் போடுவார். சிதம்பரம் கீழவீதி, தெற்கு வீதி வீடுகளுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பும்போது கோவிலில் பால் நைவேத்தியத்துக்கு மணி அடிக்கும். அந்த மணிக்குள் திரும்பினால் அன்றைக்குப் பால் ஒழுங்காக விற்றது என்று அர்த்தம்.

விற்கிற பாலுக்குத்தான் உழக்கும் ஆழாக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கிடையாது. ஆயா செம்போடு தூக்கி, டம்ளர் விளிம்பில் நுரை நிற்கும்வரை ஊற்றுவாள். "வந்தவங்களுக்கு அளந்து ஊத்தினா மடி கேட்டுக்கும்" என்பாள். மடிக்குக் காது உண்டு என்று நான் வெகுகாலம் நம்பினேன்.

வருகிறவர்களுக்கா பஞ்சம்? சிவபுரி சின்ன ஊர்தான், ஆனால் தேவாரப் பாடல் பெற்ற இரண்டு கோவில் அங்கே. ஒன்று திருநெல்வாயில். இன்னொன்று திருக்கழிப்பாலை. திருக்கழிப்பாலை முதலில் காரைமேட்டில் இருந்தது. கொள்ளிடம் புகுந்து கோவிலைக் கொண்டுபோனதும் சாமியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சாமிக்குப் பேரே பால்வண்ணநாதர். பசுக்கள் தானாகப் பால் சொரிந்து மணல் வெளுத்துக் கிடந்ததாம், அந்த மணலைப் பிடித்துக் கபில முனிவர் லிங்கம் செய்தாராம். ராஜாவின் குதிரைக் குளம்பு பட்டுப் பிளந்ததாம், இன்றைக்கும் மேலே பள்ளம் இருக்கிறது, அபிஷேகப் பால் அதில் தேங்கும். இந்தக் கதையைக் கேட்டு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் எங்கள் வாசலில் நின்று, "அபிஷேகத்துக்குப் பால் கிடைக்குமா?" என்பார்கள். சாமிக்கு எடுத்துப் போகிறவர்களுக்கும் அளவு கிடையாது. ஆனால் சாமிக்கு ஊற்றுவதற்கு முன்னால் ஆசாமி ஒரு டம்ளர் குடித்தாக வேண்டும், அது ஆயா வைத்த வரி.

அப்புறம் விவசாயம் படிக்கிற பையன்கள். நோட்டும் கையுமாக வந்து மாட்டின் வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள், பல்லை எண்ணுவார்கள். தாத்தாவிடம் கேள்வி கேட்பார்கள். "நாளைக்கு எவ்வளவு அடர்தீவனம் வைக்கிறீங்க?" தாத்தாவுக்கு அடர்தீவனம் என்றால் என்னவென்று தெரியாது. "அது கேக்கிற அளவு" என்பார். பையன்கள் அதையும் எழுதிக்கொண்டு, பாலைக் குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு விடுதிக்குப் போவார்கள். ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின ராத்திரி திண்ணையில் கால் வைக்க இடமிருக்காது. எந்தெந்த ஊர் உறவோ வந்து படுத்திருக்கும். நடுநிசிக்கு மேல் எழுந்து, சிதம்பரம் கோவில் ராஜசபையில் மகா அபிஷேகம் பார்க்க இருட்டில் நடப்போம். கூடவே தாத்தாவின் குடத்துப் பாலும் நடக்கும். நீங்கள் ஒருமுறை பாதி வழியில் தூங்கிக்கொண்டே நடந்து வாய்க்காலில் இறங்கினீர்கள், அதைச் சொன்னால் இப்போதும் மறுப்பீர்கள்.

வாய்க்கால் என்றதும் முதலை ஞாபகம் வருகிறது. மேய்ச்சலுக்குப் பழைய கொள்ளிடக் கரைப் பக்கம் ஓட்டிப் போகும்போது தாத்தா இரண்டு தடவை எண்ணுவார், போகையில் ஒன்று, திரும்புகையில் ஒன்று. தண்ணீருக்கு இறங்குகிற மாட்டுக்கு முன்னால் கழியால் தண்ணீரை அடிக்க வேண்டும். இன்றைக்கும் வேளக்குடிப் பக்கம் முதலை பிடித்து வக்காரமாரி குளத்தில் விட்டார்கள் என்று செய்தி வருகிறது. படிக்கும்போதெல்லாம் கை தானாகக் கழியைத் தேடுகிறது.

வளைவில் ஓர் ஆலமரம் நின்றதே, அதைச் சொல்லாமல் கொட்டாயைச் சொல்ல முடியாது. மாடு கன்று ஈன்றால் இளங்கொடி விழுகிறவரை யாரும் தூங்கக் கூடாது. நாய் இழுத்துவிடும், மாடே தின்றாலும் தின்றுவிடும். விழுந்ததும் வைக்கோலைப் பரப்பி அதில் வைத்துச் சுருட்டி, பிரி திரித்துக் கட்டி, மூட்டையாக ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். ஆல் பால் மரம், அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்பார்கள். விழுதுகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து மூட்டைகள் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். பழசு கறுத்து, புதுசு மஞ்சளாக. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு ஏதோ பேய் சமாசாரம் என்று நினைத்து மரத்தைக் கும்பிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது கணக்குப் புத்தகம். எந்த மூட்டை எந்த மாட்டினது, எத்தனையாவது ஈத்து என்று ஆயா விரலை நீட்டிச் சொல்வாள். மூன்றாம் நாள் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து, துண்டு போட்டுத் தெரு முழுக்கப் போகும். வாழையிலைக் கிழிசலில் வைத்து, சூடு ஆறாமல், ஓடு ஓடு என்று என்னை விரட்டுவார்கள்.

முதல் ஜெர்சி கலப்பு வந்த கதை உங்களுக்குத் தெரியுமா? ஆனந்தில் ஆரம்பித்த வெள்ளைப் புரட்சிப் பேச்சு ரேடியோவில் அடிபட்ட எழுபதுகளில், நெல்லிக்குப்பம் மாமா ஒரு மாடு தருவதாகச் சொல்லியனுப்பினார். அம்மா பிறந்த வீடு அது. அங்கே எந்தத் தெருவில் நின்றாலும் சர்க்கரை ஆலையின் பாகு வாசம் அடிக்கும். கரும்பு வெட்டு நாளில் மாடுகளுக்குக் கொழுந்தாடைதான் சாப்பாடு, அதனால் அந்த ஊர்ப் பாலே தித்திக்கும் என்று அம்மா பெருமையடிப்பாள். லாரிக்குக் காசில்லை. அப்பாவும் நானும் மாமாவின் வண்டியும். கன்றை வண்டியில் வைக்கோல் மேல் படுக்கவைத்துக் கட்டினோம். மாட்டுக்குக் கயிறே வேண்டியிருக்கவில்லை. கன்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தது.

இரண்டு ராத்திரி நடை. கெடிலத்தைத் தாண்டி, பழைய கடலூரில் மீன்நாற்றம் மூக்கில் ஏறியதும் மாடு நின்று புஸ் என்று மூச்சுவிட்டது. அதற்குக் கடல் புதுசு. ஆலப்பாக்கம் போவதற்குள் அதன் மடி கல்லாகக் கட்டிக்கொண்டது. கறக்க வேண்டும், பாத்திரம் எங்களிடம் இல்லை. புதுச்சத்திரத்தில் விடிகிற நேரம் டீக்கடை போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி தன் அண்டாவையே தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா ரோட்டோரம் குந்திக் கறந்தார். கறந்தார், கறந்துகொண்டே இருந்தார். செம்புக் கணக்கில் பழகிய அப்பாவுக்குக் கை ஓய்ந்து, பால் ஓயவில்லை. "என்னாய்யா இது, மாடா மோட்டாரா?" என்றாள் அந்த அம்மா. பாலை அவளுக்கே விட்டுவிட்டோம். அவள் அதற்குக் காசு கொடுக்க வந்தாள், அப்பா வாங்கவில்லை. எங்கள் டீக்கும் இட்லிக்கும் அப்பா காசு நீட்டினார், அவளும் வாங்கவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் நின்று கோபமாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், வீடு. ஆலமரத்தடியில் ஆயா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திமிலு எங்கடா?" என்றாள்.

பத்து வருஷத்தில் திமில் இல்லாத மாடுகளே கொட்டாயை நிறைத்தன. மொட்டை மாடுகள் ஒவ்வொன்றாகக் கொள்ளிடம் தாண்டித் தெற்கே போயின. சினை ஊசி வந்தது. பால் சொசைட்டி வந்தது. அரசின் பால்வளத் துறை 1958-இலேயே வந்துவிட்டது, மாநிலம் முழுவதற்குமான கூட்டுறவு இணையம் 1981-இல். அந்தச் சமயத்தில்தான் 'ஆவின்' என்ற பேர் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. சொசைட்டியில் கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பதை ஆயா ஒருநாள் வந்து பார்த்தாள். "பாலுக்குக் காய்ச்சலா பாக்குறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. நான் சொசைட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ரயில்வே கேட்டில் நின்று கடன்காரர்களுக்கு ஊற்றி ஏமாந்த அப்பாவுக்கு, முதல் தடவையாக நோட்டுப் புத்தகத்தில் வரவு ஏறியது. என் காலேஜ் சம்பளம் அந்த நோட்டிலிருந்து கிழிந்ததுதான்.

ஆனால் வண்டி வருவதற்குள் கேன் போக வேண்டும். கேனில் போவதெல்லாம் லிட்டர். வீட்டில் பத்து மாடு, நாளைக்கு எழுபது எண்பது லிட்டர், வந்தவர்களுக்கு மட்டும் முதலில் பால் காபியானது, பிறகு டீயானது. வேலை கிடைத்து நெய்வேலிக்குப் போனபிறகு ஒரு விடுமுறையில் வந்தேன். தரிசனத்துக்கு வந்த யாரோ வாசலில் நின்றார்கள். அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்துக் கொடுத்து, காதோடு சொன்னாள்: "கடையில ஒரு நீலப் பாக்கெட் வாங்கியாடா." தொண்ணூறுகளின் நடுவில் அது. தென்னார்க்காட்டைப் பிரித்து எங்கள் ஜில்லாவுக்கு வள்ளலார் பேர் வைத்திருந்த காலம். ஆயா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டபோது எங்களுக்குக் கொட்டாய்க் கூரை மட்டும் போனது. அண்ணன் ராத்திரியே எல்லா மாட்டையும் அவிழ்த்து விட்டிருந்தார். விடிந்து பார்த்தால் அத்தனையும் ஆலமரத்தடியில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. கீற்றுக்குப் பதில் தகரம் போட்டார்கள். கீற்றுக் கொட்டாயில் மழை பெய்தால் யாரோ பக்கத்தில் கிசுகிசுப்பதுபோல இருக்கும். தகரத்தில் பேச்சே கேட்காது. நாற்கரச் சாலை வேலைக்கு எங்கள் பக்கத்திலிருந்து மண் லாரிகள் ஓட ஆரம்பித்தபோது வளைவை நேராக்கினார்கள். நான் ஊரில் இல்லை. அடுத்த தடவை வந்தபோது வாசத்தை வைத்து இறங்கலாம் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சிவபுரிக்கே போய்விட்டேன்.

இப்போது கொட்டாயை நடத்துவது அண்ணன் மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், 2020-இல் ஊரடங்குக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. கெட்டிக்காரன். சிதம்பரம் கோவில் நடை மத்தியானம் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். பிச்சாவரம் படகுக்குப் போய்விட்டு வருகிற சென்னைக்காரர்களும் பாண்டிச்சேரிக்காரர்களும் அந்த இடைவெளியில் எங்கே போவார்கள்? இங்கே வருகிறார்கள். தலைக்கு 100 ரூபாய். பிள்ளைகளுக்கு அகத்திக்கீரைக் கட்டு ஒன்று, மாட்டுக்கு ஊட்டலாம். கறவை மிஷின் 'டக் டக்' என்று உறிஞ்சுவதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கடைசியில் பனங்கற்கண்டு போட்ட பால், காகிதக் கோப்பையில். கோப்பைக்குள் ஒரு கோடு உண்டு, அதுவரை. தரை சிமெண்ட், தினம் இரண்டு வேளை கழுவுகிறார்கள். நாற்றம் கொஞ்சம்கூட இல்லை என்று வருகிறவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். மாட்டுக் காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்கம். ஒரு பெண்குழந்தை அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது பேரா, போன் நம்பரா?" என்று கேட்டாள். ஆயா இருந்திருந்தால் அவளுக்கு இரண்டு டம்ளர் ஊற்றியிருப்பாள்.

குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டை விற்றுவிட்டு இடத்தை மனைபோட்டவர்கள் அந்தச் சாலையில் எத்தனை பேர். இவன் கட்டித்தான் வைத்திருக்கிறான். தொழுவத்து ஓரமாக ஒரு மொட்டை மாடுகூட நிற்கிறது, திருவாரூர்ப் பக்கம் போய் வாங்கிவந்தானாம், வருகிறவர்கள் நாட்டுமாடு எங்கே என்று கேட்கிறார்கள் என்று.

போன மாசி மாதம் நான் போயிருந்தபோது அந்த மாட்டுக்குத்தான் வலி எடுத்தது. தலையீத்து. ஞாயிற்றுக்கிழமை, முப்பது பேர் கம்பிக்கு இந்தப் பக்கம். பையன் அவர்களை அனுப்பிவிடப் பார்த்தான், ஒருவரும் நகரவில்லை. கன்று விழுந்தது, செவலை. கைதட்டினார்கள். மாடு மிரண்டது. பிறகு சாயங்காலமாகி, கார்கள் எல்லாம் கிளம்பிப் போய், கொட்டாயில் நானும் அவனும் கொசுவும்தான். இளங்கொடி விழ இருட்டிவிட்டது. குழி தோண்டிப் புதைப்பதுதான் இப்போது வழக்கம். மருத்துவரும் அதைத்தான் சொல்கிறாராம், நல்ல யோசனைதான். மண்வெட்டி எடுக்கப் போனவன் பாதியில் திரும்பி வந்தான்.

"சித்தப்பா, ஆயா எதுலயோ சுத்திக் கட்டுவாங்கன்னு அப்பா சொல்வாரே?"

வைக்கோலைப் பரப்பினேன். கை மறக்கவில்லை. பிரி திரித்து இறுக்கும்போது அந்த வாசம், ரத்தமும் புல்லும் வெதுவெதுப்பும் கலந்த வாசம், சிமெண்ட் தரையிலிருந்து எழுந்து கொட்டாய் முழுக்க நின்றது. அவன் முகத்தைச் சுளிக்கவில்லை. பைக்கை எடுத்துவந்தான். நான் பின்னால் ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். வேட்டியில் ஈரம் இறங்கியது.

"எந்தப் பக்கம் சித்தப்பா?"

வளைவு இருந்த இடத்தில் விளக்குக் கம்பம் நின்றது.

"மெதுவாப் போ" என்றேன். "ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டே போவோம்."